வீட்டில் ஒரு வீணைப் பட்டறை

வீணை, தம்பூரா, யாழ் ஆகிய தந்திக் கருவிகளைச் செய்ய ஆலை தேவையில்லை. நான்கடி நீளமுள்ள மரத்தைக் கிடத்திச் சுற்றிவர இடமுள்ள ஓர் அறை, நல்ல வெளிச்சம், கைக்கருவிகள் கொஞ்சம், இவை இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். தச்சுப் பட்டறையில் இருக்கும் ரம்பமும் உளியும் இழைப்புளியும்தான் இங்கும் வேலை செய்கின்றன. இசைக்கருவிப் பட்டறையைத் தனியாகக் காட்டுபவை வேறு: மரத்தை உலர்த்தி வைக்கும் ஏற்பாடு, கனத்தை அளக்கும் கருவி, ஒட்டும்போது அழுத்திப் பிடிக்கும் சாதனம், காதை வைத்துச் சோதிக்கும் முறை. புதிதாகத் தொடங்குபவர்கள் விலையுயர்ந்த உளிகளுக்குச் செலவழித்துவிட்டு இந்த நான்கையும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுண்டு. அப்படிச் செய்த கருவி பார்வைக்கு வீணையாக இருக்கும். மீட்டினால் வெறும் மரமாகப் பேசும்.

இந்த வேலைக்கு வேண்டிய கைத்திறனில் பாதி கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2019 நவம்பர் 26-இல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தின் மரச் சிற்பங்கள் 2021-இல் புவிசார் குறியீடு பெற்றன. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் சாமி சிலைகளும் தேர்ச் சிற்பங்களும் கதவு நிலைகளும் செதுக்கும் குடும்பங்கள் உள்ளன. பல இடங்களில் வீட்டு முற்றமோ பின்புறக் கொட்டகையோதான் பட்டறை. தஞ்சாவூர் வீணை 2013-இல் இதே குறியீட்டைப் பெற்றது. அதுவும் பெரும்பாலும் குடும்பப் பட்டறைகளில் உருவாவதுதான். யாளி முகம் செதுக்கத் தெரிந்த கைக்கு வீணையின் தலைப்பகுதி புதிதல்ல. புதிதாகக் கற்க வேண்டியது, வீணையின் உருண்டையான ஒலிப்பகுதியான குடத்தின் உள்ளே இருக்கிறது.

வேலையிடத்தில் முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். வடக்குப் பார்த்த சன்னலின் வெளிச்சம் நாள் முழுவதும் அதிகம் மாறாது, கண்ணைக் கூசாது. அதோடு, பக்கவாட்டில் தாழ்வாக வைத்து நகர்த்தக்கூடிய ஒரு விளக்கும் வேண்டும். இழைத்த பலகையின் மேல் வெளிச்சம் நேராக விழுந்தால் எல்லாம் சமமாகத் தெரியும். விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்தினால், விரலுக்குக்கூடத் தட்டுப்படாத மேடு பள்ளங்கள் நிழலாக எழும்பும். தரை விஷயத்தில் நம் ஊர் வழக்கமே வசதியானது. தரையில் உட்கார்ந்து, தடித்த மரக்கட்டை ஒன்றில் வேலைப்பொருளைச் சாய்த்து, காலால் அணைத்துக்கொண்டு செதுக்குவதுதான் பரம்பரை முறை. உருண்டையான குடத்தை மேசைக் கிடுக்கியில் பூட்டுவதைவிட இரு பாதங்களுக்கிடையே பிடிப்பது எளிது, நொடியில் திருப்பிக்கொள்ளலாம். இழைப்பதற்கு மட்டும் இடுப்பளவு உயரமுள்ள, ஆடாத மேசை ஒன்று தேவை. மேசை ஆடினால் இழைப்புளி அலையலையாகச் சீவும்.

கூரை எது என்பதும் முக்கியம். தகரக் கொட்டகை ஏப்ரல், மே மாதங்களில் அடுப்பாகிவிடும். ஐப்பசி அடைமழையில் அதே கொட்டகை ஈரக்கிடங்கு. ஓடு வேய்ந்த அறையோ கான்கிரீட் தளம் போட்ட உள்ளறையோ இவ்வளவு ஏற்ற இறக்கம் காட்டாது. செதுக்கும் வேலையைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு, உலர்ந்த மரத்தையும் ஒட்டும் வேலையையும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப மரம் நீரை வாங்கும், விடும். 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால், மரம் தன் உலர் எடையில் ஏறத்தாழ 7.5 சதவீத நீரோடு நிலைகொள்ளும். அதுவே 80 சதவீதமானால் மரத்திலுள்ள நீர் ஏறத்தாழ 15.5 சதவீதத்துக்கு ஏறும். நீர் ஏறினால் மரம் இழையின் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதே இல்லை, அகலவாக்கில்தான் விரியும். நடுத்தர அடர்த்தியுள்ள மரங்களில் ஒவ்வொரு சதவீத நீர் மாற்றத்துக்கும் அகலம் 0.2 சதவீதம் அளவில் மாறும் என்று பொதுவாகக் கணக்கிடலாம். வீணைக் குடத்தின் மேல் மூடும் பலகை 35 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால், கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே ஈரம் 6 சதவீதம் மாறும்போது பலகை 4 மில்லிமீட்டர் வரை விரிய முயலும். விளிம்பு முழுதும் குடத்தோடு ஒட்டியிருப்பதால் அது விரிய வழியில்லாமல் புடைக்கும்; சுருங்க வழியில்லாவிட்டால் வெடிக்கும். வளர்வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்து வாங்கினால் இந்த அசைவு ஏறக்குறைய பாதியாகும். அறுவை மில்லில் நின்று கேட்டு வாங்க வேண்டிய முதல் விஷயம் இதுதான். இதே மாவட்டத்திலுள்ள கல்வராயன் மலை 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்து நிற்கிறது. மலையில் செய்த கருவி சமவெளிக்கு இறங்கினாலும், கீழே செய்தது மலைமேலுள்ள வெள்ளிமலைக்கு ஏறினாலும் மரம் புதிதாக ஈரத்தைச் சரிசெய்துகொள்ளும். எனவே ஒட்டுவதற்கு முன் மரத்தைக் கருவி வாழப்போகும் இடத்தின் காற்றில் சில வாரங்கள் பழகவிடுவது அவசியம்.

வீணைக்குப் பலாமரம் என்பது பழைய முடிவு. அதிக பாரமில்லாமல் உறுதியாக இருக்கும். கரையான் எளிதில் அண்டாது. வைரப்பகுதி மஞ்சளாகத் தொடங்கி ஆண்டுகள் ஏற ஏறச் செம்பழுப்பாகும். தஞ்சாவூர்ப் பட்டறைகளுக்கே பண்ருட்டிப் பலாதான் போகிறது. அந்தப் பண்ருட்டி கள்ளக்குறிச்சிக்குக் கிழக்கே பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயலில் அந்தப் பகுதியின் முதிர்ந்த பலாமரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. குடம் குடையும் அளவுக்குப் பருத்த மரம் ஒரு தலைமுறைக் காலம் நின்று வளர வேண்டியது என்பதால் அந்த இழப்பு பழத்தோடு முடிவதில்லை. வீட்டில் செய்பவர் பழைய வீட்டு உத்தரம், நிலை போன்ற இடிபாட்டு மரங்களையும் தேடிப் பார்க்கலாம். பல பத்தாண்டுகள் உலர்ந்த மரம் அங்கே கிடைக்கும். ஆணி ஒளிந்திருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்த பிறகே உளியை வைக்க வேண்டும்.

பச்சை மரம் கிடைத்தால் வெட்டுமுனைகளில் மெழுகோ தடித்த வண்ணமோ பூசி, நிழலில், அடியில் சட்டங்கள் கொடுத்துக் காற்றோட்டமாக அடுக்க வேண்டும். முனைகளை மூடாவிட்டால் நீர் அந்த வழியாகவே விரைந்து வெளியேறி மரம் நட்சத்திரம் போலப் பிளக்கும். குடத்துக்கான கட்டையை முழுதாக உலர்த்துவதைவிட, ஈரமாக இருக்கும்போதே தடித்த சுவர் விட்டு முக்கால்வாசி குடைந்துவிட்டு, பிறகு உலரவிடுவது மேல். உலர்ந்துவிட்டதா என்று அறியத் தராசு போதும். வாரம் ஒருமுறை எடைபோட்டுக் கட்டையின் மேலேயே பென்சிலால் தேதியோடு குறிக்க வேண்டும். எடை குறைவது நின்று, வாரக்கணக்கில் ஒரே எண் வந்தால் மரம் தயார்.

இனி வெட்டும் கருவிகள். மரச் சிற்பியின் பெட்டியில் இருப்பவையே ஏறக்குறைய போதும்: பருமட்டாகச் செதுக்க வாய்ச்சி, குடைவதற்கு வளைந்த நகவுளிகள் இரண்டு மூன்று அளவுகளில், தட்டையான பட்டை உளிகள், கொட்டாப்புளி, சிறிய பல்லுள்ள ரம்பம், இழைப்புளி, அரங்கள், துளைபோடும் கருவி, மூலைமட்டம், கவராயம். எண்ணிக்கையைவிடக் கூர்மைதான் முக்கியம். பலாவில் இழை சில இடங்களில் முன்னும் பின்னுமாகப் பின்னி ஓடும். மழுங்கிய உளி அங்கே மரத்தைச் சீவாமல் பிய்த்தெடுக்கும். முனைக்கோணம் 25 முதல் 30 பாகை. 1000 எண் சாணைக்கல்லில் தேய்த்து, 6000 எண் கல்லில் மெருகேற்றினால் முனை கண்ணாடி போலாகும். மின்சாணையில் பிடித்து முனை நீலநிறமானால் எஃகு ஏறத்தாழ 300 பாகைக்குச் சூடேறிப் பதம் இழந்துவிட்டது என்று பொருள். அந்தப் பகுதியைத் தேய்த்துக் கழிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

குடத்தைக் குடையும்போதுதான் சிற்ப வேலையும் இசைக்கருவி வேலையும் பிரிகின்றன. சிற்பத்துக்கு வெளித்தோற்றம் சரியாக இருந்தால் போதும். குடத்திலும் மேல்பலகையிலும் உள்பக்கத்தின் கனமே ஒலியைத் தீர்மானிக்கிறது. ஒரு பலகையின் விறைப்பு அதன் கனத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 4 மில்லிமீட்டர் பலகையை 3.6 ஆக இழைத்தால் கனம் குறைவது 10 சதவீதம்தான். விறைப்போ 27 சதவீதம் குறைந்துவிடும். கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத வேறுபாடு காதுக்குத் தெரிவது இதனால்தான்.

எனவே கனம் அளக்கும் காலிப்பர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. சாதாரண அளவுகோலால் குடத்தின் நடுச்சுவரை எட்ட முடியாது. தடித்த ஒட்டுப்பலகையில் ஆழமான 'ப' வடிவில் ஒரு சட்டம் அறுத்து, ஒரு கையின் நுனியில் உருண்டைத் தலையுள்ள ஆணியையும் எதிர்க்கையில் டயல் கேஜையும் பொருத்தினால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இரு நுனிகளும் தொட்டுக்கொள்ளும்போது முள் சுழியத்தில் நிற்க வேண்டும். சுவரின் ஒரு பக்கம் ஆணித்தலை, மறுபக்கம் கேஜ் முனை என்று வைத்து நகர்த்தினால் ஒவ்வோர் இடத்தின் கனமும் தெரியும். அந்த எண்ணை அங்கேயே பென்சிலால் எழுதிக்கொண்டு, எண் பெரிதாக இருக்கும் இடத்தில் மட்டும் நகவுளியை ஓட்ட வேண்டும்.

அளவுகோலோடு காதும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பலகையின் ஓரத்தில் இரு விரல்களால் தளர்வாகப் பிடித்துத் தொங்கவிட்டு, மறுகை விரல்மூட்டால் நடுவில் தட்டினால் ஒரு சுருதி எழும். இழைக்க இழைக்க அந்தச் சுருதி இறங்கும். கைப்பேசியில் கிடைக்கும் அதிர்வெண் காட்டும் செயலி அதை எண்ணாகவே சொல்லிவிடும். தேயிலைத் தூளைப் பலகைமேல் தூவி, கீழே ஒலிபெருக்கியை வைத்து ஒலியின் சுருதியை மெல்ல ஏற்றினால், சில சுருதிகளில் தூள் அதிராத கோடுகளில் ஒதுங்கிப் படம் வரையும். ஜெர்மானிய அறிஞர் கிலாட்னி 1787-இல் நூலாக வெளியிட்ட முறையின் வழிவந்தது இது. படம் இருபக்கமும் ஒத்திருக்காவிட்டால் கனம் எங்கோ மாறியிருக்கலாம். மரத்தின் இழையே ஒருபுறம் வேறாக ஓடுவதும் காரணமாக இருக்கலாம். எது என்பதைக் காலிப்பர் சொல்லிவிடும்.

வார்ப்புருக்களும் அச்சுகளும் கருவிகள் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. 1737-இல் மறைந்த இத்தாலிய வயலின் கலைஞர் ஸ்ட்ராடிவாரியின் பட்டறையிலிருந்து 700-க்கும் மேற்பட்ட பொருட்கள் எஞ்சி, இன்று கிரெமோனா நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. அவற்றில் நிறைந்திருப்பவை மர அச்சுகளும் காகித வரைபடங்களும். வீணைக்கும் குடத்தின் வெளிவளைவு, தண்டியின் குறுக்குவெட்டு, யாளிக் கழுத்தின் வளைவு ஆகியவற்றைத் தகட்டிலோ அட்டையிலோ வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாக ஒலிக்கும் பழைய கருவி ஒன்று கிடைத்தால் அதை அளந்து வரைவதே சிறந்த தொடக்கம். அப்படி ஒரு கருவியும் எஞ்சாதபோது என்ன ஆகும் என்பதற்கு யாழ் சான்று. கல்வராயன் மலைக்கு வடக்கே செங்கத்தில் ஆண்ட நன்னனைப் பாடும் சங்க நூலான மலைபடுகடாம், பேரியாழின் ஒலிப்பெட்டியான பத்தலையும் பசையையும் ஆணியையும் நரம்பை இறுக்கும் வார்க்கட்டான திவவையும் வரிசையாக வருணிக்கிறது. அளவுகளை எடுக்க ஒரு யாழ்கூட மிஞ்சவில்லை. ஈழத்து விபுலாநந்த அடிகள் இத்தகைய இலக்கியச் சான்றுகளைக் கொண்டே பல்லாண்டு ஆராய்ந்து 1947-இல் யாழ் நூலை வெளியிட நேர்ந்தது.

குடம், தண்டி, யாளி மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து இணைத்தால் ஒட்டு வீணை. வீட்டில் செய்பவருக்கு ஒட்டு வீணையே ஏற்றது. சிறிய கட்டைகள் போதும். ஒன்று வெடித்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆனால் இணைப்பு எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 0.30 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தந்தியை 80 சென்டிமீட்டர் நீளத்தில் விநாடிக்கு 165 அதிர்வுக்கு ஏற்றினால், அது 4 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்குச் சமமாக இழுக்கும். ஏழு தந்திகளும் ஏறக்குறைய இதே அளவு இழுத்தால் 28 கிலோ. இந்த இழுப்பு இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில் ஓயாமல் இருக்கும். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை வலுவானதுதான். ஆனால் சூடான அறையில் தொடர்ந்த இழுப்புக்கு மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும் குணம் அதற்கு உண்டு. தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரப் பசை அப்படி நகராது. நீராவியும் சூடும் காட்டினால் இணைப்பைப் பிரித்துப் பழுதுபார்க்கவும் முடியும். அதை 60 பாகை அளவில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். கொதித்தால் வலு போய்விடும். நீண்ட மழைக்கால ஈரம் அதற்கும் பகை. தண்டி இணைப்புக்கு மரப்பொருத்தும் பசையும் சேர்ந்தே பாரம் ஏற்கும்படி செதுக்குவதுதான் நம்பகமானது.

ஒட்டியதை அழுத்திப் பிடிக்க இரும்பு கிளாம்புகள் நிறைய வேண்டும். குடத்தின் வட்ட விளிம்பில் பலகையை ஒட்ட அவை போதவில்லை என்றால், பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கீற்றுகளாக வெட்டி இறுக்கிச் சுற்றலாம். வளைவு எப்படி இருந்தாலும் ரப்பர் சீராக அழுத்தும். பசை தடவுவதற்கு முன்பு ஒருமுறை வெறுமனே சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிருடைகளுக்கு ஈட்டி போன்ற கடின மரம் தேவை. துளையும் பிருடையும் ஒரே சரிவில் கூம்பாக இருந்தால்தான் சுருதி நிற்கும். வயலினில் இந்தச் சரிவு 30-க்கு 1, அதாவது 30 மில்லிமீட்டர் நீளத்தில் விட்டம் 1 மில்லிமீட்டர் குறையும். துளையைக் கூம்பாக்கும் ரீமர் ஒன்றை வாங்கிவிட்டால், அதே சரிவுக்குப் பிருடையைச் சீவிக்கொள்ளலாம்.

தந்திகளைத் தாங்கும் குதிரைதான் வீணைப் பட்டறையின் மிக நுட்பமான வேலை. வயலினில் தந்தி கூரிய விளிம்பில் நிற்கிறது. வீணையிலும் தம்பூராவிலும் அகலமான குதிரையின் மெல்லிய வளைவின்மேல் படிந்து செல்கிறது. வீணைக் குதிரையின் மரத்தின்மேல் உலோகத் தகடு பதிக்கப்படும். சர் சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது 1921-இல் இந்தத் தந்திக் கருவிகளைப் பற்றி எழுதிய ஆய்வில் ஒரு வியப்பைப் பதிவு செய்தார். தந்தியை ஓரிடத்தில் மீட்டினால், அந்த இடத்தை அசையாப் புள்ளியாகக் கொண்ட மேற்சுரங்கள் எழக் கூடாது என்பது ஆங்கிலேய இயற்பியலாளர் யங் வகுத்த விதி. வீணையும் தம்பூராவும் அந்த விதிக்குக் கட்டுப்படாமல், எழக்கூடாத மேற்சுரங்களையும் பலமாக ஒலித்தன. தந்தி ஒவ்வோர் அதிர்விலும் வளைந்த தகட்டின்மேல் படிந்தும் விலகியும் செல்வதே இதற்குக் காரணம். தொடும் புள்ளி ஓயாமல் முன்பின் நகர்வதால் ஆற்றல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த வளைவை எந்த அளவுகோலும் தந்துவிடாது. தேவைப்படும் கருவிகள் மிக மெல்லிய பல்லுள்ள தட்டை அரம், 1000 முதல் 2000 எண் வரையிலான உப்புத்தாள், ஒரு மை பேனா. தகட்டில் மையைப் பூசி, தந்தியை ஏற்றிச் சிறிது நேரம் மீட்டிவிட்டு இறக்கினால், தந்தி உரசிய இடத்தில் மை அழிந்திருக்கும். அழிந்த தடம் தொடர்ச்சியாகவும் முன்பக்கம் மெல்ல மங்குவதாகவும் இருந்தால் வளைவு சரி. நடுவில் திட்டாக மை நின்றால் அங்கே பள்ளம், தந்தி இரைச்சலிடும். இரண்டு இழுப்பு தேய்த்து மறுபடி மை பூசிச் சோதிக்க வேண்டும். அவசரப்பட்டு அதிகம் தேய்த்துவிட்டால் தகட்டை மாற்றுவதுதான் வழி.

கடைசியாக மேளம் கட்டுதல், அதாவது சுர இடங்களைக் காட்டும் மெட்டுகளைப் பதித்தல். 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் வீணைக்கு 24 நிலையான மெட்டுகள் அமைந்தன. தேன்மெழுகோடு கரித்தூள் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மெழுகைத் தண்டியின் இரு விளிம்பிலும் வரப்பாக இட்டு, அதில் உலோக மெட்டுகளைப் பதிப்பார்கள். கித்தாருக்கு வேண்டிய மெல்லிய மெட்டு ரம்பம் இங்கே தேவையில்லை. மெழுகு காய்ச்சும் பாத்திரமும் சூடாக்கிய கத்தியும் போதும். இடங்களைக் கணக்கிட, ஒவ்வொரு மெட்டுக்கும் மீதமுள்ள தந்தி நீளத்தை 17.817-ஆல் வகுத்து அவ்வளவு தள்ள வேண்டும். 80 சென்டிமீட்டர் தந்தியில் முதல் மெட்டு 4.49 சென்டிமீட்டரிலும், 12-ஆவது 40-இலும், 24-ஆவது 60-இலும் வரும். 23-க்கும் 24-க்கும் இடையே 1.2 சென்டிமீட்டர்தான் இடைவெளி. ஒரு மில்லிமீட்டர் பிசகு முதல் மெட்டில் சுருதியை அரைச்சுரத்தின் நூறில் 2 பங்கு அளவே மாற்றும். 24-ஆவதில் நூறில் 8 பங்குக்கு மேல் மாற்றும். முன்னது பெரும்பாலோர் காதுக்குத் தெரியாது, பின்னது தெரியும்.

கணக்கிட்ட இடம் தொடக்கப்புள்ளி மட்டுமே. மெட்டின்மேல் விரல் அழுத்தும்போது தந்தி சற்று இழுபட்டுச் சுருதி ஏறும். அந்த ஏற்றம் ஒவ்வொரு மெட்டிலும் ஒவ்வொரு அளவு. அதனால் மெழுகு இளகியிருக்கும்போதே, மந்தர சுருதிகளை ஒலிக்கவிட்டு, மெட்டை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிக் காதால் சேர்க்கிறார்கள். ட்யூனர் செயலி உதவும். இறுதி முடிவு காதுக்குரியது.

பட்டறையில் ஒரு நாளும் தவறக் கூடாதது தூசுக் காப்பு. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. உளிச் சீவல் கீழே விழுந்துவிடும். உப்புத்தாள் கிளப்பும் நுண்தூள்தான் நுரையீரலுக்குள் போகும். ஈட்டி மரத்தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் தரும். என்-95 முகக்கவசம், ஈரத்துணியால் துடைப்பது, தேய்க்கும் வேலையைக் காற்றோட்டமான வெளியில் வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் போதுமான காப்பு.

முதல் முயற்சியிலேயே வீணையில் இறங்க வேண்டியதில்லை. உலர்ந்த பலகைகளாலான நீள்பெட்டி ஒன்றின்மேல் ஒரே தந்தி, நகர்த்தும் குதிரை ஒன்று, பிருடை ஒன்று என்று அமைத்தால் போதும். ரம்பம், இழைப்புளி, உளி ஒன்று, காலிப்பர், கிளாம்புகள், அரம் என்ற சிறு தொகுப்போடு அது முடிந்துவிடும். மெட்டுக் கணக்கையும் குதிரை வளைவையும் அதிலேயே சோதித்துப் பழகலாம். குடம் குடையும் நகவுளிகளையும் ரீமரையும் அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.